நெட்வொர்க் டிரைவ் கனெக்ட் பண்றது: என்கிட்ட திரும்பத் திரும்ப கேக்கற கேள்விகளும் பதிலும்

ஆபிஸ்ல யாருக்கு கம்ப்யூட்டர்ல என்ன பிரச்சனைன்னாலும் கடைசில என் சீட்டுக்குத்தான் வருவாங்க, அதுல பாதிக்கு மேல ஷேர் ஃபோல்டர் விஷயமாத்தான் இருக்கும். ஒரே பதில வேற வேற ஆளுக்கு சொல்லி சொல்லி, சரி எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதி வச்சுடலாம்னு உக்காந்தேன். கேள்விய அவங்க எப்படி கேட்டாங்களோ அப்படியே போட்டிருக்கேன். பெரும்பாலும் விண்டோஸ் 10, 11 பத்திதான், மேக், லினக்ஸ் கொஞ்சம் கீழ வரும்.

நெட்வொர்க் டிரைவ்னா என்ன சார், என் கம்ப்யூட்டர்ல இன்னொரு ஹார்ட்டிஸ்க் சேர்ந்துடுமா?

சேராது. உங்க கம்ப்யூட்டர்ல ஒரு எழுத்துதான் சேரும், இசட்னோ ஒய்னோ. ஃபைல் எல்லாம் வேற ஒரு மெஷின்லதான் இருக்கு, அது சர்வரா இருக்கலாம், நாஸ் பெட்டியா, அதாவது நெட்வொர்க்ல ஃபைல் வைக்கன்னே இருக்கற பெட்டியா இருக்கலாம், பக்கத்து டேபிள் கம்ப்யூட்டராக்கூட இருக்கலாம். அந்த எழுத்து அங்க போற பாதைக்கு நீங்க வச்ச சுருக்கப் பேர், அவ்வளவுதான். அதனால உங்க டிஸ்க்ல இடம் குறையாது, அந்த மெஷின ஆஃப் பண்ணிட்டா ஃபைலும் வராது.

இன்னொன்னையும் இப்பவே மனசுல வாங்கிக்கங்க, கீழ எல்லா பதில்லயும் இதுதான் திரும்ப வரும். ஒரு ஷேர் திறக்கணும்னா மூணு விஷயம் சரியா இருக்கணும். அந்த மெஷின் வரைக்கும் வழி இருக்கணும், நீங்க யார்னு அந்த மெஷினுக்குத் தெரியணும், அதாவது ஆள், அந்த ஆளுக்கு அந்த ஃபோல்டர்ல அனுமதி இருக்கணும். எது மாட்டிக்கிட்டு நிக்குதுன்னு கண்டுபிடிச்சாலே பாதி வேலை முடிஞ்சுது. நிறைய பேர் வழி இல்லாத இடத்துல பாஸ்வேர்ட மாத்திக்கிட்டு இருப்பாங்க, அனுமதி இல்லாத இடத்துல கேபிள பிடுங்கி பிடுங்கி சொருகுவாங்க.

சரி, அத எப்படி கொண்டு வர்றது? எனக்கு ஒண்ணுமே தெரியாதுன்னு வச்சுக்கிட்டு சொல்லுங்க

விண்டோஸ் கீயையும் ஈ எழுத்தையும் சேர்த்து அமுக்குங்க, ஃபைல் எக்ஸ்ப்ளோரர் வரும். இடது பக்கம் திஸ் பிசிய கிளிக் பண்ணுங்க. விண்டோஸ் 11ல மேல மூணு புள்ளி இருக்கும், அதுக்குள்ள மேப் நெட்வொர்க் டிரைவ். விண்டோஸ் 10ல மேல கம்ப்யூட்டர்னு ஒரு டேப் இருக்கும், அதுக்குள்ளயே அந்த பட்டன் இருக்கு. எழுத்த தேர்ந்தெடுத்துட்டு ஃபோல்டர் கட்டத்துல பாதைய இப்படி அடிங்க: \\சர்வர்பேர்\ஷேர்பேர். முன்னாடி ரெண்டு கோடு, நடுவுல ஒண்ணு, எல்லாமே பின்பக்கம் சாயற கோடு. வெப்சைட் அட்ரஸ்ல போடற கோட்ட போட்டு அரை மணி நேரம் திண்டாடினவங்கள நான் பாத்திருக்கேன்.

கீழ ரெண்டு டிக் பாக்ஸ் இருக்கும். ரீகனெக்ட் அட் சைன் இன் டிக் பண்ணிடுங்க, இல்லன்னா ரீஸ்டார்ட் பண்ணதும் டிரைவ் போயிடும். கனெக்ட் யூஸிங் டிஃபரண்ட் கிரெடென்ஷியல்ஸ்ங்கறது, நீங்க விண்டோஸ்ல நுழையற பேர விட்டுட்டு வேற யூசர் நேம், பாஸ்வேர்டுல அந்த சர்வருக்குள்ள போறப்ப மட்டும். ஃபினிஷ் குடுங்க, பாஸ்வேர்டு கேட்டா போடுங்க, முடிஞ்சுது.

எந்த எழுத்து வேணா போடலாமா?

காலியா இருக்கறது எது வேணாலும் போடலாம், ஆனா இசட்ல இருந்து பின்னோக்கி வாங்க, விண்டோஸே அப்படித்தான் காட்டும். ஈ, எஃப் மாதிரி முன்னாடி எழுத்து போட்டா பென் டிரைவ் சொருகும்போது குழப்பம் வரலாம். ஒரு டீம்ல எல்லாரும் ஒரே எழுத்து வச்சுக்கறது நல்லது. எக்ஸெல்ல இன்னொரு ஃபைலுக்கு லிங்க் குடுக்கும்போது ஒருத்தருக்கு ஒய், இன்னொருத்தருக்கு இசட்னு இருந்தா லிங்க் உடைஞ்சு போகும்.

என் கம்ப்யூட்டர்ல இருக்கற ஃபோல்டர மத்தவங்களுக்கு திறந்து விடணும், என்ன பண்றது?

ஃபோல்டர் மேல ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், ஷேரிங் டேப், அட்வான்ஸ்டு ஷேரிங். ஷேர் திஸ் ஃபோல்டர் டிக் பண்ணி ஒரு பேர் குடுங்க, சின்னதா, நடுவுல இடைவெளி இல்லாம. செட்டிங்ஸ்ல உங்க நெட்வொர்க்க பிரைவேட்னு மாத்தி, நெட்வொர்க் டிஸ்கவரி, ஃபைல் ஷேரிங் ரெண்டையும் ஆன் பண்ணுங்க. பப்ளிக்னு இருந்தா ஃபயர்வால் யாரையும் உள்ள விடாது, அது நியாயமும்தான், ஏன்னா வெளி இடத்து வைஃபைல உங்க ஃபோல்டர் திறந்து கிடக்கக்கூடாது.

அப்புறம் அந்த கம்ப்யூட்டர் தூங்கக்கூடாது. ஸ்லீப் போயிட்டா எல்லாருக்கும் டிரைவ் போச்சு. பவர் செட்டிங்ல ஸ்லீப்ப நெவர்னு வச்சிடுங்க. சாதாரண விண்டோஸ்ல ஒரே நேரத்துல 20 கனெக்‌ஷன் வரைக்கும்தான் விடும், அதுக்கு மேல ஆள் இருந்தா நாஸோ சர்வரோ வாங்கிடறதுதான் சரி.

நெட்வொர்க்க கிளிக் பண்ணா காலியா இருக்கு, அந்த கம்ப்யூட்டரே தெரியல. அப்ப கனெக்ட் ஆகாதா?

ஆகலாம். லிஸ்ட்ல தெரியறது வேற, கனெக்ட் ஆகறது வேற. நெட்வொர்க் லிஸ்ட்டுங்கறது மெஷின் ஒவ்வொண்ணும் "நான் இங்க இருக்கேன்"னு கத்தறத வச்சு உருவாகறது, ஏதோ ஒரு சர்வீஸ் ஓடலன்னா பேர் வராது, ஆனா கதவு திறந்துதான் இருக்கும். அதனால லிஸ்ட்ட நம்பாதீங்க, மேல சொன்ன மாதிரி முழு பாதைய அடிச்சு பாருங்க.

அப்பவும் பாதையே கிடைக்கலன்னு, அதாவது 80070035ல முடியற எரரோ, கமாண்ட் பிராம்ப்ட்ல, அதாவது கட்டளைய அடிக்கற விண்டோல, 53ம் நம்பர் எரரோ வந்தா அது வழிப் பிரச்சனை. பேருக்கு பதிலா ஐபி நம்பர, அதாவது நெட்வொர்க்ல அந்த மெஷினோட முகவரி எண்ண போட்டு பாருங்க, \\192.168.1.20\பொது மாதிரி. நம்பர்ல போகுது, பேர்ல போகலன்னா பேர நம்பரா மாத்தி சொல்ற இடத்துலதான் கோளாறு. நம்பர்லயும் போகலன்னா ரெண்டு பேரும் ஒரே நெட்வொர்க்ல இருக்கீங்களான்னு பாருங்க. கெஸ்ட் வைஃபைல கனெக்ட் பண்ணிட்டு கேக்கறவங்க ரொம்ப அதிகம். கெஸ்ட் வைஃபைல இன்டர்நெட் மட்டும்தான் வரும், மத்த மெஷின பாக்க விடாம ரௌட்டரே தடுத்து வச்சிருக்கும்.

பிங், அதாவது அந்த மெஷின் இருக்கான்னு கூப்பிட்டுப் பாக்கற கமாண்ட், போட்டு பதில் வரலன்னு மட்டும் முடிவு கட்டாதீங்க, சில மெஷின்ல ஃபயர்வால் பிங்க மட்டும் தடுத்துட்டு ஷேர விட்டிருக்கும். ஷேருக்கு வேண்டிய கதவு 445ம் நம்பர் போர்ட். அப்புறம், நேத்து வேலை செஞ்ச ஐபி இன்னைக்கு வேலை செய்யலன்னா ரௌட்டர் வேற நம்பர் குடுத்திருக்கும். ரௌட்டர் செட்டிங்ல அந்த மெஷினுக்கு ஒரே நம்பர ஒதுக்கி வச்சுட்டா அந்தத் தொல்லை தீர்ந்துது.

பாஸ்வேர்டு கரெக்டாதான் போடறேன், தினமும் அதத்தான் போட்டு கம்ப்யூட்டர திறக்கறேன், தப்புன்னே சொல்லுது

இந்தக் கேள்வி வந்தா நான் முதல்ல, எத்தனை நம்பர் அடிக்கறீங்கன்னு கேப்பேன். நாலோ ஆறோன்னு சொன்னா அது பாஸ்வேர்டு இல்ல, பின். பின் அந்த ஒரு கம்ப்யூட்டருக்கு மட்டும்தான், நெட்வொர்க் வழியா அது போகவே போகாது. போன மாசம் ஒரு அக்கா பொறுமையா பதினஞ்சு தடவை பின்ன போட்டுட்டு, விரல் தப்பா படுதோன்னு கீபோர்ட தொடச்சு திரும்ப போட்டுக்கிட்டு இருந்தாங்க, பாக்கவே பாவமா இருந்துது. தப்பு அவங்க மேல இல்ல, ரெண்டையும் வேற வேறன்னு அந்த பெட்டில யாரும் எழுதி வைக்கல.

அங்க கேக்கறது எந்த பாஸ்வேர்டுன்னா, ஃபைல் இருக்கற மெஷின்ல உள்ள யூசரோட பாஸ்வேர்டு. உங்க கம்ப்யூட்டரோடது இல்ல. அந்த மெஷின மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்ல திறக்கறாங்கன்னா யூசர் நேம் அந்த ஈமெயில், பாஸ்வேர்டு அந்த ஈமெயிலோட பாஸ்வேர்டு. இதுல ரொம்ப குழப்பம் வருதுன்னா நான் சொல்ற வழி, அந்த மெஷின்ல ஷேருக்குன்னே தனியா ஒரு லோக்கல் யூசர் உருவாக்கி நல்ல பாஸ்வேர்டு வச்சுடுங்க. யூசர் நேம் போடும்போது மெஷின்பேர்\யூசர்பேர்னு முன்னாடி மெஷின் பேரையும் சேர்த்து போடுங்க, இல்லன்னா விண்டோஸ் அத உங்க கம்ப்யூட்டர் யூசர்னு நினைச்சுக்கும்.

ஒரு தடவை தப்பான பாஸ்வேர்ட சேவ் பண்ணிட்டீங்கன்னா அது கேக்காமலே அதையே அனுப்பிக்கிட்டு இருக்கும். கண்ட்ரோல் பேனல்ல கிரெடென்ஷியல் மேனேஜர் போய், விண்டோஸ் கிரெடென்ஷியல்ஸ்ல அந்த சர்வர் பேர்ல இருக்கறத நீக்கிட்டு புதுசா போடுங்க. ஆபிஸ்ல பாஸ்வேர்டு மாத்தின மறுநாள் டிரைவ் திறக்கலன்னு சொல்றவங்களுக்கும் இதேதான்.

பாஸ்வேர்டே இல்லாம வச்சுட்டா நிம்மதிதானே, எதுக்கு இவ்வளவு?

பாஸ்வேர்டு இல்லாத யூசர விண்டோஸ் நெட்வொர்க் வழியா உள்ளயே விடாது, அந்த மெஷின் முன்னாடி உக்காந்தாதான் விடும். சரி யார் வேணா வரட்டும்னு கெஸ்ட்டா திறந்து விடற பழைய வழியும் இப்ப மூடிக்கிட்டே வருது. 2024ல வந்த விண்டோஸ் 11 24எச்2ல ப்ரோ எடிஷன்லயும் கெஸ்ட் நுழைவ நிறுத்திட்டாங்க, கூடவே சைனிங்னு ஒண்ண கட்டாயம் ஆக்கிட்டாங்க, அதாவது போற வர்ற ஒவ்வொரு பாக்கெட்லயும் முத்திரை இருக்கணும். முத்திரைக்கு சாவி பாஸ்வேர்டுல இருந்துதான் வருது, கெஸ்டுக்கு பாஸ்வேர்டு இல்ல, அப்ப சாவி ஏது. "அப்டேட் ஆனதுல இருந்து நாஸ் திறக்கல"ன்னு வந்தவங்கள்ல நிறைய பேர் கெஸ்ட்டா போய்க்கிட்டு இருந்தவங்கதான். அந்த பாதுகாப்ப ஆஃப் பண்ண வழி தேடாதீங்க, நாஸ்ல ஒரு யூசர் உருவாக்குங்க, அஞ்சு நிமிஷ வேலை.

உள்ள போக முடியுது, ஃபைல் திறக்குது, சேவ் பண்ணா மட்டும் விட மாட்டேங்குது

வழி சரி, ஆள் சரி, அனுமதில நிக்குது. விண்டோஸ்ல அனுமதி ரெண்டு இடத்துல இருக்கு, ஒண்ணு ஷேரிங் டேப்ல, இன்னொண்ணு செக்யூரிட்டி டேப்ல. ரெண்டுல எது குறைவோ அதுதான் உங்களுக்கு கிடைக்கும். அட்வான்ஸ்டு ஷேரிங்ல புதுசா ஷேர் பண்ணா எவ்ரிஒன், ரீட்னுதான் இருக்கும், செக்யூரிட்டில நீங்க முழு அனுமதி குடுத்திருந்தாலும் வாசல்லயே படிக்க மட்டும்னு சொல்லிடும்.

நான் செய்யறது, ஷேரிங் பக்கம் சேஞ்ச் அனுமதி குடுத்துட்டு யாருக்கு எவ்வளவுங்கறத செக்யூரிட்டி டேப்ல மட்டும் வச்சுக்கறது. ஒரே இடத்துல இருந்தா பின்னாடி தேட வேண்டாம். ஆபிஸ்ல உங்கள அனுமதி உள்ள குரூப்ல சேர்த்துட்டோம்னு சொன்ன பிறகும் திறக்கலன்னா, ஒரு தடவை சைன் அவுட் பண்ணி உள்ள வாங்க. நீங்க எந்த குரூப்ல இருக்கீங்கங்கறது உள்ள நுழையும்போதுதான் பதிவாகும்.

ஒரே சர்வர்ல ரெண்டு ஃபோல்டர், ஒண்ணுக்கு என் பேர், இன்னொண்ணுக்கு மேனேஜர் பேர். ரெண்டாவது போட்டா ஏதோ பெரிய எரர் வருது

1219ம் நம்பர் எரர் அது. ஒரு சர்வருக்கு ஒரு நேரத்துல ஒரு பேர்லதான் போக முடியும்னு விண்டோஸ் சொல்லுது. முதல்ல கமாண்ட் பிராம்ப்ட்ல நெட் யூஸ்னு ஆங்கிலத்துல அடிச்சு என்னென்ன திறந்திருக்குன்னு பாருங்க, நீங்க மேப் பண்ணாம சும்மா எட்டிப் பாத்த ஷேர்கூட அங்க நிக்கும். தேவையில்லாதத டிஸ்கனெக்ட் பண்ணிட்டு திரும்ப முயற்சி பண்ணுங்க. ஒண்ணு பேர்ல, இன்னொண்ணு ஐபில போட்டா ரெண்டும் வேற சர்வர்னு நினைச்சு விட்டுடும், அவசரத்துக்கு ஆகும். நிரந்தர வழின்னா உங்க யூசருக்கே ரெண்டு ஃபோல்டருக்கும் அனுமதி வாங்கறதுதான், மேனேஜர் பாஸ்வேர்டு உங்ககிட்ட இருக்கறதே சரியில்ல.

காலைல கம்ப்யூட்டர் ஆன் பண்ணா டிரைவ் மேல சிவப்பா எக்ஸ் போட்டிருக்கு, கிளிக் பண்ணா திறக்குது. ஏன்?

விண்டோஸ் எழுந்து டிரைவ தேடற நேரத்துல வைஃபை இன்னும் கனெக்ட் ஆகியிருக்காது. தேடிச்சு, இல்ல, எக்ஸ் போட்டுடுச்சு. அப்புறம் நீங்க கிளிக் பண்ணும்போது வழி இருக்கு, திறந்துடுது. கேபிள்ல இருக்கறவங்களுக்கு இது குறைவா வரும். ப்ரோ எடிஷன்ல, ஸ்டார்ட் ஆகும்போது நெட்வொர்க் வர்ற வரைக்கும் காத்திருன்னு குரூப் பாலிசில ஒரு செட்டிங் இருக்கு, அத ஆன் பண்ணலாம்.

மதியம் சாப்ட்டுட்டு வந்து பாத்தா எக்ஸ் இருக்குன்னா அது வேற காரணம். 15 நிமிஷம் சும்மா இருந்தா ஷேர் குடுக்கற மெஷின் கனெக்‌ஷன மூடி வைக்கும், கிளிக் பண்ணா தானா திரும்பும். திறந்தா பிரச்சனை இல்ல, விட்டுடுங்க. கிளிக் பண்ணியும் திறக்கலன்னா மேல வழி பத்தி சொன்னத பாருங்க.

தெரியாம ஒரு ஃபோல்டர டெலீட் பண்ணிட்டேன், ரீசைக்கிள் பின்ல தேடறேன் காணோம்

இத எழுதும்போதே எனக்கு வயித்துல ஏதோ பண்ணுது. நெட்வொர்க் டிரைவ்ல டெலீட் பண்ணா உங்க ரீசைக்கிள் பின்னுக்கு வராது, அங்கயே அழிஞ்சுடும். அழியறதுக்கு முன்னாடி பெர்மனன்ட்டா அழிக்கட்டுமான்னு ஒரு பெட்டி வரும், தினமும் எத்தனையோ பெட்டிக்கு யெஸ் குடுத்து பழகின கை அதுக்கும் குடுத்துடும். ஒரு தம்பி, அவர் கம்ப்யூட்டர்ல இடம் காலி பண்றதா நினைச்சு டிரைவ்ல இருந்த ரெண்டு வருஷ போட்டோ ஃபோல்டர அழிச்சுட்டு, ஒண்ணும் சொல்லாம என் சீட் பக்கத்துல வந்து நின்னார். முகத்த பாத்ததுமே தெரிஞ்சுது. நாஸ்ல அந்த ஷேருக்கு தனி ரீசைக்கிள் ஃபோல்டர் ஆன் பண்ணி வச்சிருந்ததால அன்னைக்கு பொழச்சோம்.

அதனால உடனே செய்ய வேண்டியது, அந்த டிரைவ்ல யாரும் புதுசா எதுவும் எழுதாதீங்கன்னு சொல்லிட்டு, சர்வர் பாக்கறவர கூப்பிடுங்க. நாஸ்ல ரீசைக்கிள் இருக்கலாம், விண்டோஸ் சர்வர்ல ப்ரீவியஸ் வெர்ஷன்ஸ் இருக்கலாம், ஃபோல்டர் மேல ரைட் கிளிக் பண்ணி ப்ராப்பர்ட்டீஸ்ல பாருங்க. இது ரெண்டும் இல்லன்னா பேக்கப்தான். ஷேர் வச்சிருக்கறவங்க யாரா இருந்தாலும் கெஞ்சிக் கேக்கறேன், இன்னைக்கே பேக்கப் இருக்கான்னு பாருங்க, அதுவும் மேப் பண்ணாத இடத்துல. ரான்சம்வேர், அதாவது ஃபைல பூட்டி வச்சு பணம் கேக்கற வைரஸ், வந்தா உங்க சி டிரைவோட நிக்காது, இசட்ல நீங்க எழுத முடியும்னா அதுவும் எழுதும்.

எக்ஸெல் திறந்தா வேற யாரோ திறந்து வச்சிருக்காங்கன்னு வருது, அவங்க லீவ்ல இருக்காங்க

அவங்க கம்ப்யூட்டர் ஆன்ல இருக்கும், இல்ல எக்ஸெல் பாதில நின்னு போய் பூட்டு மட்டும் மிச்சம் இருக்கும். ஃபைல் இருக்கற மெஷின்ல கம்ப்யூட்டர் மேனேஜ்மென்ட், ஷேர்டு ஃபோல்டர்ஸ், ஓப்பன் ஃபைல்ஸ் போனா யார் பேர்ல எது திறந்திருக்குன்னு தெரியும், அங்க மூடலாம். ஆனா அவங்க நிஜமாவே எழுதிக்கிட்டு இருந்தா சேவ் பண்ணாதது போயிடும், ஒரு போன் பண்ணிட்டு மூடுங்க.

ரொம்ப ஸ்லோவா இருக்கு, கேபிள்தான் போட்டிருக்கேன்

ஒரு பெரிய ஃபைல காப்பி பண்ணி வேகத்த பாருங்க. நொடிக்கு 11 எம்பி பக்கத்துலயே நின்னா லைன் 100 மெகாபிட்ல ஓடுது, கிகாபிட்டா இருந்தா 110 எம்பி பக்கம் போகும். பழைய சுவிட்சா இருக்கலாம், இல்ல கேபிளுக்குள்ள இருக்கற 8 கம்பில ஒண்ணு போயிருக்கலாம், கிகாபிட்டுக்கு எட்டும் வேணும், 100க்கு நாலே போதும். கேபிள மாத்தினதும் பத்து மடங்கு ஆனத நானே பாத்திருக்கேன். பெரிய ஃபைல் வேகமா போய், ஆயிரக்கணக்கான குட்டி ஃபைல் மட்டும் ஊர்ந்தா அது இயல்புதான், ஒவ்வொரு ஃபைலுக்கும் திறக்கவா மூடவான்னு தனித்தனியா பேசிக்கிட்டு இருக்கும். ஜிப் பண்ணி ஒரே ஃபைலா அனுப்புங்க.

பழைய ஸ்கேனர் ஷேருக்கு அனுப்பல, எஸ்எம்பி1 ஆன் பண்ணா சரியாகும்னு ஒருத்தர் சொன்னார். பண்ணலாமா?

சரியாகும், ஆனா பண்ணாதீங்க. எஸ்எம்பிங்கறது ஷேர் பேசற மொழி, 1980கள்ல ஐபிஎம்ல பிறந்தது, அதோட முதல் பதிப்புதான் எஸ்எம்பி1. 2017 மே மாசம் வானாக்ரைங்கற ரான்சம்வேர் உலகம் பூரா பரவினது அந்த பதிப்புல இருந்த ஓட்டை வழியாத்தான். அத்தனைக்கும் மைக்ரோசாஃப்ட் அதுக்கு ரெண்டு மாசம் முன்னாடி மார்ச்லயே அந்த ஓட்டைய அடைக்கற அப்டேட் குடுத்திருந்துது, போடாதவங்க மாட்டினாங்க. அதே வருஷக் கடைசில இருந்து புது விண்டோஸ் எஸ்எம்பி1 இல்லாமத்தான் வருது.

ஸ்கேனருக்கு ஃபர்ம்வேர், அதாவது அதுக்குள்ள இருக்கற சாஃப்ட்வேர், அப்டேட் இருக்கான்னு பாருங்க, அதுலயே எஸ்எம்பி2 வந்திருக்கலாம். இல்லன்னா ஸ்கேன ஈமெயில்லயோ, எஃப்டிபிங்கற ஃபைல் அனுப்பற முறைலயோ அனுப்ப வைங்க. ஒரு பழைய மெஷினுக்காக எல்லா கம்ப்யூட்டர்லயும் அந்தக் கதவ திறக்கறது எனக்கு சுத்தமா ஒத்துக்கல.

வீட்ல இருந்து ஆபிஸ் டிரைவ் வேணும், ரௌட்டர்ல அந்த 445ஐ திறந்து விட்டா போதும்ல?

வேண்டவே வேண்டாம். திறந்து விட்டா உங்களுக்கு மட்டும் இல்ல, இன்டர்நெட்ல இருக்கற எல்லாருக்கும் திறந்துதான். விபிஎன், அதாவது இன்டர்நெட் வழியா ஆபிஸ் நெட்வொர்க்குக்குப் போற பாதுகாப்பான தனி வழி, போடுங்க, போட்டதும் நீங்க ஆபிஸ் உள்ள இருக்கற மாதிரி, டிரைவ் அப்படியே வரும். விபிஎன்ல பேர் வேலை செய்யலன்னா சர்வரோட முழுப் பேரையோ ஐபியையோ போடுங்க. எக்ஸெல் திறக்க மெதுவாத்தான் இருக்கும், பெரிய ஃபைல இந்தப் பக்கம் காப்பி பண்ணி வேலை முடிச்சு திரும்ப போடறது நல்லது.

நான் மேக்ல இருக்கேன், எனக்கு இதெல்லாம் செட் ஆகுமா?

ஆகும். ஃபைண்டர்ல கமாண்ட் கீயும் கே எழுத்தும், வர்ற கட்டத்துல எஸ்எம்பி, ஒரு முக்காற்புள்ளி, முன்பக்கம் சாயற கோடு ரெண்டு, அப்புறம் சர்வர் பேர், கோடு, ஷேர் பேர். எஸ்எம்பிய ஆங்கில எழுத்துல அடிக்கணும். மேக்ல எழுத்து கிடையாது, பேரோட வரும். தினமும் தானா வரணும்னா லாகின் ஐட்டம்ஸ்ல சேர்த்துடுங்க. லினக்ஸ்லயும் ஃபைல் மேனேஜர் அட்ரஸ்ல இதேதான்.

சாதாரணமா திறந்தா இசட் டிரைவ் இருக்கு, அட்மினிஸ்ட்ரேட்டரா ரன் பண்ற சாஃப்ட்வேருக்குள்ள மட்டும் காணோம். பைத்தியம் பிடிக்குது

ரொம்ப நாள் எனக்கும் இது புரியாம இருந்துது. ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர் குடுத்தா, அதே நீங்கதான்னாலும் விண்டோஸ் உங்கள ரெண்டாவது ஆளா கணக்கு வச்சுக்குது. டிரைவ் எழுத்து மேப் பண்ண ஆளுக்கு மட்டும்தான் சொந்தம், அந்த ரெண்டாவது ஆள் எதையும் மேப் பண்ணல, அதனால இசட்ங்கற பேரே அவருக்குத் தெரியாது. ராத்திரி தானா ஓடற பேக்கப் டாஸ்க் "இசட் இல்ல"ன்னு நிக்கறதும் இதே வகைதான், அது வேற ஒரு ஆளா ஓடுது.

எழுத்த விட்டுட்டு அந்த சாஃப்ட்வேர்ல முழுப் பாதைய குடுங்க, ரெண்டு கோட்டோட ஆரம்பிக்கறத. அது எழுத்து மட்டும்தான் ஏத்துக்கும்னா, அட்மினா திறந்த கமாண்ட் பிராம்ப்ட்ல அதே எழுத்த இன்னொரு தடவை மேப் பண்ணுங்க. ரிஜிஸ்ட்ரில, அதாவது விண்டோஸ் தன்னோட செட்டிங்ஸ வச்சிருக்கற இடத்துல, எனேபிள் லிங்க்ட் கனெக்‌ஷன்ஸ்னு ஒரு மதிப்ப 1னு வச்சு ரீஸ்டார்ட் பண்ணா ரெண்டு ஆளுக்கும் பொதுவாயிடும், ஆனா ரிஜிஸ்ட்ரில கை வச்சு பழக்கம் இல்லன்னா முதல் வழியே போதும், நானும் பெரும்பாலும் அதத்தான் பண்றேன்.